ஆள் தெரியாத காவல்

ஜெயபாண்டி வளர்த்த வெள்ளை நாய் ஒரு குரை குரைத்தால் சேத்தூர்த் தோப்புகளில் மாங்காய் உதிரும். தென்காசி பஸ் தானாக நின்றுவிடும். ராஜபாளையத்து நாய் என்றால் சும்மாவா? அயலாளை அண்டவிடாது. அந்த வீட்டில் முதல் சோறு அதற்குத்தான். மிச்சம் மனைவி பரிபூரணத்துக்கு.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை அவளுக்குக் கரு தங்காமல் போனது. உடம்பு ஊதியது. முடி கொத்தாகக் கொட்டியது. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டது. கழுத்தில் சின்னதாக ஒரு வீக்கம். அவள் வேலை பார்த்த பஞ்சு மில்லில் இழை அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டும், கால் நகரவில்லை.

"ஏட்டி, அம்மிக்கல்லு கணக்கா உக்காந்திருந்தா புள்ள எங்கிட்டுத் தங்கும்? ஒனக்கு எதிர்ப்புச் சக்தியே இல்ல" என்று மாமியார் வெள்ளைத்தாய் நிலவேம்பைக் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றினாள். ஆடி கழிந்ததும் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக, அவள் காதில் விழும்படியே பேசினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"எதிர்ப்புச் சக்தி குறையலைம்மா. அது ஆள் தெரியாம அடிக்குது. கிருமியை விரட்ட வேண்டிய அணுக்கள், உன் தைராய்டையே அயலாள்னு நெனச்சு அரிச்சிருக்கு. அதான் அதோட சுரப்பு குறைஞ்சு இம்புட்டு அசதி. கரு கலைஞ்சதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம். குறைஞ்சதை ஈடுகட்ட மாத்திரை இருக்கு. தினமும் விடிஞ்சதும் வெறும் வயித்துல போடு."

"எம் மேல குத்தமா டாக்டர்?"

"ஒரு குத்தமும் இல்ல."

அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டவள் போல வீடு வந்தாள்.

வாசலில் ரத்தம். பிள்ளை வரம் கேட்டு இருக்கன்குடியில் மொட்டை போட்டு, மீசையும் மழித்துத் திரும்பிய ஜெயபாண்டியை அவனுடைய நாயே கையில் கவ்வியிருந்தது. ஊசி போட்டு வந்தவன் அதற்குக் கறி எடுத்து வைத்தான்.

"ஆள் தெரியாம கடிச்சிருச்சு. வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும்?"

பரிபூரணம் வாய் திறந்தாள். "என் ஒடம்பும் அப்படித்தானாம். ஆள் தெரியாம என்னையவே கடிக்குதாம். மாத்திரை போட்டா..."

"நாயும் நீயும் ஒண்ணாட்டி?" என்றான்.

"நாய் ஆறு குட்டி போட்டிருக்கு" என்றாள் வெள்ளைத்தாய்.

ஜெயபாண்டி தாயைத் தடுக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஒங்க ஆத்தா வீட்ல இரு" என்றான், கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி.

மறுநாள் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு ஆத்தா ஊரான கிருஷ்ணன்கோவிலுக்குப் பஸ் ஏறப் புறப்பட்டாள். யாரும் எழுந்து வரவில்லை. நாய் மட்டும் வாலை ஆட்டியது. அதற்கு அவளை அடையாளம் தெரிந்தது.