பாப்பாரப்பட்டித் தோட்டத்துப் பூசை ரசம்

1986 ஜனவரி 11, சனிக்கிழமை. எனக்கு எழுபத்திரண்டு வயது, மூன்று மாதம், நான்கு நாள். முழங்கால் இன்னும் பேருந்துப் படி ஏறுகிறது. அது மறுக்கும் முன் சவரிமுத்துவின் திராட்சைத் தோட்டத்தை மறுபடி பார்த்துவிடக் கிளம்பினேன். மாதா கோயில் பூசைக்குரிய திராட்சை ரசம் இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கே தயாராகிறது. தொடங்கிய ஆண்டில், ஊர்ப் பள்ளியில் வேதியியல் கற்பித்த நான் அவர்கள் வீட்டில்தான் குடியிருந்தேன்.

தருமபுரியில் காலை 7.10க்குப் பேருந்து. பாப்பாரப்பட்டிவரை பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இரண்டு ரூபாய். பிறகு மூன்று கிலோமீட்டர் நடை. நிழலை எதிர்பார்க்க வேண்டாம்.

நான்கு ஏக்கர்; கல்தூண்களில் கம்பி இழுத்த பந்தல். ஆகஸ்டில் பறித்த கருந்திராட்சையை மிதித்து, தோலோடு புளிக்கவிட்டு, வடித்து, பீங்கான் ஜாடிகளில் அடைத்து நிலவறையில் வைக்கிறார்கள். பழத்தின் இனிப்பைத் தவிர வேறு இனிப்புச் சேர்ந்தால் அது பூசைக்கு ஆகாது.

பத்து மணிக்குப் பங்குச் சாமியார் சுவைபார்க்க வந்தார். பிடிக்காவிட்டால் இனிப் பெங்களூரிலிருந்து வரவழைத்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தாராம். முதல் ஜாடிக்குத் தலையாட்டினார். இரண்டாவதில் முகம் சுளித்தார்.

"என்னங்க சவரிமுத்து, பாயாசம் வெச்சிருக்கீங்களா?"

"கலப்படமே இல்லீங்க சாமி."

மருமகள் லூர்து முன்னால் வந்தாள். "நாந்தாங்க சாமி. மழையில பழம் புளிச்சுக் கெடந்துச்சு. ரெண்டு கிலோ சர்க்கர போட்டேன். அந்த ஒரு ஜாடிலதாங்க."

சவரிமுத்து கொதித்தார். "எம் பேரக் கெடுத்துட்டியேம்மா. எங்க மொத வருச ரசம் எப்பிடி இருந்துச்சுன்னு டீச்சரம்மாவக் கேளு. ஒரு சிட்டிக கலப்பு உண்டா?"

லூர்து என்னைப் பார்த்தாள். நான் நிலவறையின் வளைவைப் பார்த்தேன்.

"சொல்லாம வுட்டிருந்தா வேற எடம் பாத்திருப்பேன்" என்றார் சாமியார். "மொத ஜாடிய அனுப்புங்க. அடுத்த வருசமும் நீங்கதான். இத என்ன பண்ணுவ லூர்து?"

"காடியாக்கி ஊறுகா போடறேங்க. உங்களுக்கும் ஒரு பாட்டில் உண்டு."

அவர் சிரித்துவிட்டார். மதியச் சாப்பாட்டில் களியும் கோழிக்குழம்பும் குறைவில்லை.

செல்வோர் ஆகஸ்டில் சென்றால் அறுவடையைக் காணலாம். முன்கூட்டி அஞ்சலட்டை போடுங்கள். ரசம் விலைக்குக் கிடைக்காது. கேட்டு அவமானப்பட வேண்டாம். திரும்பும் பேருந்து 3.40க்கு, தவறினால் 6.15.

இக்கட்டுரையின் படியைச் சவரிமுத்துவுக்கும் லூர்துக்கும் அனுப்புகிறேன். அங்கே நான் சொல்லாமல் விழுங்கியதை இங்கே படித்துக்கொள்ளட்டும். அந்த முதல் ஆண்டு ரசத்தில் மூன்று கிலோ சர்க்கரை இருந்தது. சவரிமுத்து சந்தைக்குப் போயிருந்த பிற்பகலில், யாரையும் கேளாமல், அளந்து போட்டவள் நான்.