அண்ணனின் வலது தோள்

நனைந்த சணல் சாக்கின் வாடை... அதோடு உப்பும் வேர்வையும். எழுபதுகளில் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிக்கு உப்பு ஏற்றிய என் அண்ணன் வீட்டுக்குள் நுழையும் முன்பே அந்த வாடை நுழைந்துவிடும்.

வலது தோளில்தான் சுமப்பான். வருஷக்கணக்கில் மூட்டை உரசி, கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே தோல் காய்த்துச் செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. அந்தத் தோள்தான் என்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வைத்தது.

முதல் வருஷ லீவுக்கு வந்திருந்தேன். கிளாவிக்கிள், ஸ்காப்புலா, ஹியூமரஸ் என்று எலும்புகளின் பெயர்கள் நாக்கு நுனியில் நின்ற காலம். திமிரும் கூடவே.

அன்று மதியம் தோணிக்கும் கரைக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறான். கூட வேலை செய்தவர்கள் தாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் கிடத்தினார்கள். உருண்டையாக இருக்க வேண்டிய தோள் பெட்டி முனை போல நின்றது. மூட்டுக் கிண்ணத்திலிருந்து எலும்பின் பந்து நழுவியிருக்கிறது. பார்த்ததுமே தெரிந்தது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவமா?" என்றேன்.

கூட வந்திருந்த சுமைகூலி மேஸ்திரி சிரித்தார். "வீட்டுக்குள்ளயே டாக்டர வச்சுக்கிட்டு அங்கன போயி வரிசையில நிக்கச் சொல்லுதியா? ஏலே, நீ படிச்சது நெசமா பொய்யான்னு பாப்போம்!"

அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ரோஷம்... புத்தகத்தில் பார்த்திருந்தபடி அண்ணனின் அக்குளில் குதிகாலை வைத்து, கையைப் பிடித்து இழுத்தேன். 'களுக்' என்றது. தோள் மறுபடி உருண்டையாகிவிட்டது. விசிலடித்தார்கள். "டாக்டரய்யா!" என்று ஒருவர் கும்பிடு போட்டார்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இழுப்பதற்கு முன் உணர்ச்சியைச் சோதித்திருக்க வேண்டும். மேல்கை எலும்பான ஹியூமரஸின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது, ஆக்ஸிலரி நெர்வ். கையைப் பக்கவாட்டில் தூக்கும் தசைக்கு அதுதான் உயிர். அது அடிபட்டால் மேல்கையின் வெளிப்பக்கம் உள்ளங்கையளவு மரத்துப்போகும்.

அங்கே ஊசியால் குத்தினேன். "தெரியுதாண்ணே?"

"எங்கன குத்துத? ஒண்ணும் தெரியல. ஏலே, மூட்டை தூக்குத தோளு, அது எப்பவும் மரத்துத்தான் கெடக்கும். போயி கையக் கழுவு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

மூட்டை ஏறுவது தோளின் மேலே. நான் குத்தியது அதற்கு நாலு விரல் கீழே, பக்கவாட்டில். அங்கே காய்ப்பே இல்லை. தோல் மிருதுவாக இருந்தது. அது எனக்குத் தெரியும்... அன்றே தெரியும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை.

சிலருக்கு அந்த நரம்பு தானாகவே தேறிவிடும். அண்ணனுக்குத் தேறவில்லை. தசை வற்றி, எலும்பு துருத்தியது. கை தூக்க முடியாதவனை மேஸ்திரி இரண்டாம் மாதமே வேண்டாமென்றார். விசிலடித்தவர்கள் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பரீட்சையில் புரொபசர் கேட்டார், ஆக்ஸிலரி நெர்வ் எந்த வழியாக ஓடுகிறது என்று. மடமடவென்று ஒப்பித்தேன். "வெரி குட்" என்றார்.

இப்போது என்னிடம் தோள் விலகி வருகிறவர்களின் மேல்கையைத்தான் முதலில் தொடுகிறேன். உணர்ச்சி இருக்கிறதா என்று எழுதிவைத்த பிறகுதான் இழுப்பது. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அடுத்த அறையிலேயே இருக்கிறது. அண்ணனின் நரம்பு அன்று விழுந்ததில் போனதா, நான் இழுத்ததில் போனதா... அதை எந்த மெஷினும் இனிச் சொல்லாது.

அண்ணன் கடைசிவரை இடது கையால்தான் தலை சீவினான். 'என்னலே பண்ணுன?' என்று ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தும்விட்டான்.

கேட்காமலே போனதற்கு, அவன்மேல்கூட எனக்குக் கோபம்தான்.