நாலாம் அறைக்கு ஒரு ஜோடிக் குரல்

கூலாய் ஊர்க் கடைத்தெருவில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது பிரேமலாவின் கரோக்கே பாட்டுக் கடை. ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக ஏறி வந்து, கேக் வெட்டி, மாமனும் மச்சானும் மைக்குக்குச் சண்டை போட்ட இடம். கோவிட் வந்தது, மூடினார்கள். திரும்பத் திறந்தால் ஆளைக் காணோம். வீட்டுக்கு வீடு ஸ்பீக்கர், ஆளுக்கு ஆள் கைப்பேசி. பக்கத்து வீட்டுக்காரன் காது கிழியும்வரை சும்மாவே பாடிக்கொள்ளலாம் என்றால் எவன் மெனக்கெட்டு மாடி ஏறுவான்?

பிரேமலா கன்னத்தில் கை வைத்து உட்காருகிற ரகம் இல்லை. பெரிய அறைகளை இடித்து, ஒரே ஓர் ஆள் உட்காரும் சின்ன அறைகளாகத் தடுத்துவிட்டாள். வீட்டில் வாய்விட்டுப் பாட முடியாதவர்கள்தான் இனி நம் வாடிக்கை என்றாள். அவள் சொன்னபடியே பக்கத்துச் செனாய்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்தவர்கள் தனித்தனியாக வந்தார்கள். ஆனால் மகராசி ஒன்றை மறந்துபோனாள். நம் ஆட்கள் கேட்கிற பாட்டில் பாதி ஜோடிப் பாட்டு. தனியாக உட்கார்ந்திருப்பவன் பெண் குரல் வருகிற இடத்தில் என்ன செய்வான்? சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பானா?

அந்த ஓட்டையை அடைத்தவள் யோகேஸ்வரி. கவுண்டரில் உட்கார்ந்திருந்த வேலையாள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். இருபது வருசத்துக்கு மேல் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் உழைத்து, அது மூடியபின் இங்கே வந்து சேர்ந்தவள். அம்மா இறந்தபிறகு செடெனாக்கில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். கோயில் பஜனையில் பின்வரிசையில் உட்கார்ந்து பாடிய குரல் அது. ஒருநாள் ஒரு பையன் பாதிப் பாட்டில் திணறுவதை, மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற ஹெட்போனில் கேட்டு, கவுண்டர் மைக்கை எடுத்துப் பெண் பாகத்தைப் பாடிவிட்டாள். பிரேமலா அதைப் பிடித்துக்கொண்டாள். அறைக்கு அறை ஒரு பொத்தான் வைத்தாள். அழுத்தினால் கவுண்டரில் விளக்கு எரியும், யோகேஸ்வரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடுவாள். பெண்கள் வந்தால் கட்டைக் குரலில் ஆண் பாகத்தையும் அவளே பாடுவாள். கேட்டவர்கள் சிரித்தார்களே தவிர, குறை சொல்லவில்லை.

கதவில் ‘ஜோடிக் குரல் உண்டு’ என்று மட்டும் எழுதி ஒட்டியிருந்தது. யார் பாடுகிறார்கள் என்று பிரேமலா வேண்டுமென்றே எழுதவில்லை. என் புருசனோடு காதல் பாட்டுப் பாடினவள் எவள் என்று எந்தப் பெண்டாட்டியாவது மாடி ஏறி வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? வாடிக்கையாக வருகிறவர்கள் தாங்களே கண்டுபிடித்து, போகும்போது யோகேஸ்வரியிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

தயானந்தன் மட்டும் எதுவும் சொல்லமாட்டார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். புதன்கிழமை மத்தியானம் இஸ்திரி கலையாத சட்டையோடு வருவார், தலையை அசைப்பார், நாலாம் அறைக்குள் போவார். பழைய ஜோடிப் பாட்டுகளாகப் போடுவார். குரல் நல்ல குரல், தாளம்தான் தகராறு. இடையிசை முடிந்தால் எங்கே எடுப்பது என்று தெரியாமல் தடுமாறுவார். அந்த இடத்தில் அவருடைய அடியின் முதல் சொல்லை யோகேஸ்வரி மெல்லப் பாடிவிடுவாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்.

அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமையே ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டாள். மற்ற ஆறு நாளும் வீட்டில் பேச ஆளில்லாமல் டிவியை ஓடவிட்டுச் சோறு தின்கிறவளுக்கு, வாரத்தில் ஒருநாள் ஒரு மனுசன் ‘கண்ணே’ என்று பாட, பதிலுக்குப் பாடக் கிடைத்தது. பேசாவிட்டால் என்ன, கூச்சப்படுகிற மனுசர், பாடுவது நான் என்று தெரிந்துதானே வாராவாரம் வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் பிரேமலா பண்டார் தெங்காராவில் இரண்டாவது கடை போட்டாள். இரண்டு கடைக்கும் ஒரு யோகேஸ்வரி போதாதே.

“ஒரு தரம் பாடிக் கொடுத்துருங்கக்கா, போதும் லா. பதிவு பண்ணி வச்சுக்கிட்டா ரெண்டு கடையிலயும் உங்க குரல்தான். நீங்களும் தொண்டை நோகாம இருக்கலாம்.”

மறுப்பதற்குக் காரணம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அவள் பாடிக் கொடுத்தாள். ஆள் இல்லாத அறையில், எதிர்க்குரல் இல்லாமல், பாதிப் பாதிப் பாட்டாகப் பாடி முடித்தாள். அதன்பிறகு விளக்கு எரியவில்லை. பொத்தானை அழுத்தினால் பதிவு ஓடியது. மைக்கைத் துடைத்து வைப்பது மட்டும் அவள் வேலையாயிற்று. வந்தவர்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்த மாதிரித் தெரியவில்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் புதன்கிழமைக்காகக் காத்திருந்தாள். மற்றவர்கள் போகட்டும், அவருக்குத் தெரியாமல் போகுமா?

தயானந்தன் வந்தார், தலையை அசைத்தார், உள்ளே போனார். அவள் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். இடையிசை முடிந்தது, அவர் தடுமாறினார். பதிவில் இருந்த அவள் குரல் அடி எடுத்துக் கொடுக்காமல் தன் பாகம் வரும்வரை காத்திருந்தது. இரண்டாவது பாட்டிலும் அதே கதை. மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

“மெஷின்ல ஏதோ கோளாறும்மா. முந்தியெல்லாம் நான் தடுமாறுற இடத்துல அதுவே அடி எடுத்துக் கொடுக்கும். இன்னைக்கு அது பாட்டுக்குப் பாடிக்கிட்டுப் போகுது.”

கண்டுபிடித்துவிட்டார் என்று அவள் மனசு துள்ளியது. ‘மெஷின்’ என்ற சொல் அதற்குப் பிறகுதான் உறைத்தது.

“அது மெஷின் இல்ல சார். முந்தியெல்லாம் நான்தான் பாடினேன். இங்க உட்கார்ந்துக்கிட்டு.”

அவர் அவளைப் பார்த்தார். ஹெட்போனைப் பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோனார்.

“அப்ப, நான் பாடுனது எல்லாம் நீங்க கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“ஆமா சார்.”

“மகன் வீட்டுல எப்பவும் ஆளுங்க இருக்காங்கம்மா. இங்கதான் யாரும் கேக்கலன்னு பாடிக்கிட்டு இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. மெதுவாக ஒரு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார். யாரும் இல்லை என்பதற்காகவே அவர் வந்தார். ஒருவர் இருக்கிறார் என்பதற்காகவே இவள் பாடினாள். பாவி மகள், வாய் திறக்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். வந்தார். முதல்முறையாக அவள் பெயரைக் கேட்டார். ரொம்ப நல்ல குரல் என்று மரியாதையாகச் சொன்னார். இனிமேல் சார் பாடும்போது பதிவை நிறுத்திவிட்டுத் தானே பாடுவதாக அவள் சொன்னாள். வேண்டாம்மா, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார். நாலாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் பழக்கத்தில் ஹெட்போனை மாட்டினாள். தனிப் பாட்டு ஒன்றின் இசை தொடங்கியது. ஜோடி இல்லாத பாட்டு. அவர் முதல் அடியை எடுப்பதற்குள் அவள் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தாள். அறைகள் எல்லாம் சத்தம் வெளியே வராதபடி கட்டியவை. அவர் பாடி முடித்து வருகிறவரைக்கும் கவுண்டரில் ஒன்றும் கேட்கவில்லை.