நாலு பத்து காட்டிய மணிக்கூடு

பிழை பிடிப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணக் காகிதம், கோயில் நோட்டீஸ், செத்தவீட்டுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம், எது வந்தாலும் என் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். ஈய எழுத்துகளைப் பிடித்துப் பிடித்து இடக்கைப் பெருவிரல் நகத்தடியில் மை ஏறியிருந்தது. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது அசையாது.

எண்பத்தாறில், மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் கல்யாண வீடியோ பிடிக்கும் அண்ணை ஒருவர் இருந்தார். கல்யாணங்களைப் பிடித்து அலுத்துப்போய், தானே ஒரு படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். சிரிப்புத் துப்பறியும் படம். கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மாப்பிள்ளையின் தலைப்பாகை காணாமல் போகிறது. துப்பறிவாளர் வந்து வீட்டுச் சனம் எல்லாரையும் விசாரிக்கிறார். களவு போன நேரம் நாலு பத்து. முழுக்கதையும் அந்த நேரத்தில்தான் தொங்கியது. துப்பறிவாளராக நடித்தவன் என் சிநேகிதன். பருத்தித்துறைப் பெடியன், எங்கள் வீட்டில் தங்கிப் பட்டினத்தில் வேலை பார்த்தவன். அடர்ந்த மீசை, கையில் தகப்பன் கொடுத்த பழைய சாவி மணிக்கூடு.

எனக்குக் கிடைத்த வேலை பிழை பார்ப்பது. எங்கள் வீட்டில்தான் படப்பிடிப்பு, ஞாயிறுகளில் மட்டும். ஒரு ஞாயிறு எடுத்ததற்கு மறு ஞாயிறு ஒட்ட வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்து வைப்பேன். முதல் கிழமையே அண்ணை நாணிப்போனார். கல்யாண வீட்டுச் சுவரில் தொங்கிய கலண்டர் ஆடி மாதம் காட்டியது. ஆடியில் யார் கல்யாணம் செய்வார்கள்? தாள்களைக் கிழித்து ஆவணிக்குக் கொண்டுவந்தேன். தாம்பாளத்தில் குறைய வேண்டிய வாழைப்பழம் கூடியதையும் நான்தான் கண்டுபிடித்தேன். வீட்டுக் கூடத்தில் இருந்த சுவர் மணிக்கூட்டை நாலு பத்துக்கு நிறுத்தி வைத்ததும் நான்தான். "உன்ரை கண்ணுக்குச் சுத்திப் போடவேணும்" என்று சிநேகிதன் பகிடி பண்ணுவான். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

ஒரு ஞாயிறு காலையில் பருத்தித்துறையிலிருந்து வந்த ஒருவர் அவனுக்குச் செய்தி கொண்டுவந்தார். தகப்பன் ஆஸ்பத்திரியில், பின்னேரம் வந்துவிட்டுப் போகட்டாம்.

"அப்பருக்கு இடைக்கிடை உப்பிடி வாறதுதான்" என்றான் அவன். "ஐஞ்சு மணிக்கு வெளிக்கிட்டனெண்டால் கடைசி பஸ்ஸைப் பிடிச்சிடுவன்."

பின்னேரம் அவன் குளிக்கக் கிணற்றடிக்குப் போனான். நனைந்துவிடும் என்று மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்தான். அப்போது பார்த்து அண்ணைக்கு, மணிக்கூட்டை மட்டும் கிட்டப் பிடித்து ஒரு காட்சி வேண்டும் என்று தோன்றியது. அவன் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அவனுடைய சேர்ட்டை நான் மாட்டிக்கொண்டு, மணிக்கூட்டை என் கையில் கட்டினேன். மணி நாலு ஐம்பது. கதைக்கு நாலு பத்து வேண்டும். திருகாணியை இழுத்து நாற்பது நிமிடம் பின்னுக்குத் திருப்பினேன். அண்ணை என் கையைக் கமராவில் பிடித்து முடித்தார்.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். கட்டிக்கொண்டே பார்த்தான்.

"நாலேகால்தானே! இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. வாங்கோ அண்ணை, அந்தக் கதவுக் காட்சியையும் முடிப்பம்."

திருப்பி வைக்க மறந்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவன் "நாலேகால்" என்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. வாய் திறக்கவும் செய்தேன். ஆனால் வெயில் முற்றத்தில் நல்ல சாய்வாக விழுந்திருந்தது. போன கிழமைக் காட்சியோடு அச்சொட்டாக ஒட்டும். அடுத்த ஞாயிறு மழை வந்தால்? பத்து நிமிட வேலைதானே, முடித்துவிட்டுச் சொல்லுவோம் என்று வாயை மூடிக்கொண்டேன். பத்து நிமிடம் அரை மணியாயிற்று. அதற்குப் பிறகு சொல்ல எனக்கு வெட்கம். ஓடிப்போனால் பிடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் ஓடவில்லை. ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, என் அம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறந்தான்.

பொழுது படும் நேரம் திரும்பி வந்தான். பஸ் போய்விட்டதாம்.

"சனியன் பிடிச்ச மணிக்கூடு, மச்சான். முக்கால் மணித்தியாலம் பிந்தி ஓடியிருக்கு. பஸ் ஸ்ராண்டிலை கேட்டுத்தான் சரியாக்கினனான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழசுதானே, கழுவிப் பூட்டக் குடுக்கவேணும்" என்றேன்.

சண்டை நடந்த அந்த நாளையில் இருட்டினபிறகு யாரும் அவ்வளவு தூரம் சைக்கிளில் போகமாட்டார்கள். விடியத்தான் என் சைக்கிளில் போனான். அவன் போய்ச் சேர முன்னமே தகப்பன் போய்விட்டார். "வந்திட்டானோ, வந்திட்டானோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். செத்தவீட்டில் அவன் தாய் இதை என்னிடம்தான் சொல்லி அழுதா. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்; அப்போதும் சொல்லவில்லை. தகப்பனின் கல்வெட்டுப் புத்தகம் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. இரண்டு தரம் வாசித்துத் திருத்தினேன். அதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து அடுத்த கிழமை அவன் தானாகவே வந்து நின்றான். அண்ணை வெளிநாடு போகும் நாள் கிட்டிவிட்டதால் படத்தை முடித்துக் கொடுக்க வந்திருந்தான். கொள்ளி வைத்தவன் என்பதால் தலையும் மீசையும் மழித்திருந்தது. தலையைத் தொப்பி மறைத்தது, மீசைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. படத்தில் துப்பறிவாளர் மீசையோடு கதவைத் திறப்பார், மீசை இல்லாமல் உள்ளே வருவார். கொப்பியில் நான் அதைக் குறிக்கவில்லை.

பிறகு அவன் ஊரோடு போய்விட்டான். அந்த மணிக்கூட்டை அவன் கையில் நான் மறுபடி காணவில்லை. கேட்கவும் துணிவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு ஒவ்வொரு மணிக்கூட்டுக் கடையைக் கடக்கும்போதும் குறுகுறுத்தது.

தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சண்டையால் ஊருக்குக் கரண்ட் போய் இரண்டு வருடம் தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் பிறந்தநாள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பட்டப்பகலில் யன்னலுக்குப் பாய் கட்டிப் படம் போட்டார்கள். எண்ணெய் மிச்சம் இருந்ததால் "எங்கடை ஒழுங்கைப் படத்தையும் போடுங்கோ" என்று யாரோ சொல்ல, அண்ணை விட்டுப்போன வீடியோ கசற் ஓடத் தொடங்கியது. அவன் அதுவரை அதைப் பார்த்ததில்லை. எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவன் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

கதவுக் காட்சியில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "மீசையை நிலையிலை கொழுவிப்போட்டு வாறார்!" என்று ஒருவர் கத்தினார். அவனும் சிரித்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் துப்பறிவாளர் உண்மையைச் சொல்லும் இடத்தில் மணிக்கூடு திரை நிறைய வந்தது. நாலு பத்து. அதன் கீழே, கறுத்த நகத்தோடு ஒரு பெருவிரல்.

"மச்சான், உது என்ரை கையில்லை" என்றான் மெதுவாக.

"இல்லை."

"உன்ரை கை."

"ஓம்."

படம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தோளை எடுத்துக்கொண்டான்.

"அப்ப அண்டைக்கு மணிக்கூடு பிந்தேல்லை."

"இல்லை. நான்தான் திருப்பினனான். நீ கட்டேக்கையும் எனக்குத் தெரியும்."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் ஆறியிருக்கும். தலைப்பாகை அகப்பட்டு, சனம் கைதட்டி முடியும்வரை அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்:

"செத்தவீட்டிலை அப்பரின்ரை தலைமாட்டிலை நிண்டு, நீ தந்த மணிக்கூடுதானே என்னைப் பிந்த வைச்சதெண்டு நான் அந்தாளை ஏசினனான்."