வந்தவர் பெயர், வந்த காரணம்

ராயபுரம் கன்னியர் மடத்தில் பல வருஷம் நாளேடு எழுதியவர் சிஸ்டர் லூர்து. எதையும் விடத் தெரியாத ஆள். கிணற்றடிச் சோப்பைக் காக்கா தூக்கிப்போனதைக்கூட எழுதிவைப்பார். மடத்துத் தலைவி மதர் ஃப்ளோரன்ஸ் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, "காக்கா கதையெல்லாம் எதுக்கும்மா?" என்பார். "நடந்துச்சே மதர்!" என்பார் இவர்.

அந்தக் காலத்து ஐரோப்பிய மடங்களில் துறவிகள் இப்படித்தான் நூறு நூறு வருஷக் கதையை எழுதிவைத்தார்களாம். தங்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுத மாட்டார்களாம். பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்தது. லூர்துவும் தன்னைப் பற்றி எழுதவில்லை. ஆனால் 'வந்தவர் பெயர்', 'வந்த காரணம்' என்ற கட்டங்களை நிரப்பும்போதெல்லாம் ஒரே ஒரு பெயருக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அப்பா சவரிநாதன் பெயர்தான் அது. ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். 1963இல் ஒரே மகள் கன்னியராகப் போனபோது, "அந்த மடத்து வாசப்படில கால வச்சேன்னா ஏன்னு கேளு!" என்று வீடிருந்த காலடிப்பேட்டையே கேட்கும்படி கத்தினார். பாவி மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் விட்டார். ஹார்பரில் ஷிப்டு முடிகிற சங்கு மடம்வரை கேட்கும். இப்போது இறங்கியிருப்பார், இப்போது பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார் லூர்து. அந்த பஸ் மடத்து வாசல் வழியாகத்தான் போகும்.

1974இல் திண்டுக்கல்லுக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை ரயில். காலடிப்பேட்டையிலிருந்து ரொட்டி கொண்டுவரும் மஜீதிடம், "நைனாகிட்ட சொல்லிடுங்க பாய். வரச் சொல்ல வேணாம்," என்றார். வர மாட்டாரா என்று உள்ளே உயிர் துடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சவரிநாதன் சலவைச் சட்டையோடு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இன்னா, நல்லா கீறியா?"

"கீறேன் நைனா." பதினோரு வருஷமாக வாயில் வராத பேச்சு.

மேஜைமேல் நாளேடு இருந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. "அல்லாத்தையும் எய்துவியாமே, மஜீது சொன்னான். எம்பேரு எங்கியாச்சும் கீதா?"

"இல்ல நைனா. வந்தவங்க பேருதான் எழுதணும்."

சவரிநாதன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இப்ப எய்து."

"எதுக்கு வந்தாங்கன்னும் எழுதணும் நைனா."

"இன்னாத்த சொல்றது... சும்மா வந்தேன்னு எய்து."

அப்படியே எழுதினார் லூர்து. அப்பா போன பிறகு மதர் படித்துப் பார்த்தார்.

"சும்மான்றது ஒரு காரணமா? அடிச்சிடட்டுமா?"

"அடிச்சீங்கன்னா நான் திண்டுக்கல் போக மாட்டேன் மதர்!" லூர்து குழந்தைபோல் அழுதுவிட்டார்.

மதர் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார்.