இருவர் பாஷைக்கு ஒரு வழியனுப்பு

எங்கள் பாஷையைப் பேசத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அதில் ஒருவர் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கப்பலேறி மெயின்லேண்டுக்கே போகிறார். இனி நான் யாரிடம் பேசுவது, கண்ணாடியிடமா?

அவர் எங்கள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர், வங்காளி. அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்ற அர்த்தத்தில் ‘தாதா’ என்று கூப்பிடுவேன். சாப்பாட்டு இடைவேளைகளில் நாங்களே கட்டிய பாஷை அது. எங்கள் தீவில் எல்லாருக்கும் போல எங்களுக்கும் இந்திதான் பொது. ஆனால் கதவு ஆண், ஜன்னல் பெண் என்று ஞாபகம் வைத்துப் பேசுவதில் இருவருக்குமே அலுப்பு. அதனால் இதில் ஆண்பால், பெண்பால் கிடையாது. என் வாயில் வராத இந்தி மூச்சொலிகள் கிடையாது. அவர் வாயில் வராத ழகரமும் கிடையாது. ‘பாலு’ என்றால் சாப்பிடு, ‘தபா’ பேசு, ‘நோரு’ போ. பின்னால் ‘தா’ போட்டால் முடிந்த காரியம். ‘கோ’ போட்டால் கேள்வி. முன்னால் ‘நே’ போட்டால் இல்லை, கூடாது. நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் இல்லை.

“மரியாதையே இல்லாத பாஷையா? உங்களுக்குப் பொருத்தம்தான்” என்றாள் மனைவி.

வழியனுப்ப அந்தப் பாஷையிலேயே ஒரு உரை தயாரித்து, குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். கப்பல் கிளம்பும் நாளில், துறைமுக ஜெட்டியில் அவர் முன்னால் நின்றதும் உரை மொத்தமும் மறந்துபோனது. “அச்சா தாதா, சம்பல்கே ஜானா”, பார்த்துப் போங்கள் என்று இந்தியில் உளறிவிட்டு, பஸ் பிடித்து புரோத்ராபூரில் என் வீட்டுக்குத் தப்பி ஓடி வந்தேன்.

சாயங்காலம் வாசலில் ஆட்டோ. மாலை, பெட்டி, தலையணை சகிதம் அவரேதான்.

“ஜஹாஜ் நஹீ கயா, பாய்.”

கப்பல் போகவில்லையாம், கடல் சரியில்லையாம். குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டார். வேறு எங்கே போவார்? மறுநாளும் ஜெட்டி, மறுநாளும் கட்டிப்பிடித்தல், மறுநாளும் எங்கள் வீட்டுச் சாம்பார். அடுத்தடுத்த நாளும் அதே கதை. பிரிவுத் துயரம் என்பது ஒரு தடவைக்கு மேல் தாங்கக்கூடிய சரக்கு இல்லை. கடைசியில் நாங்கள் கட்டிப்பிடித்தது பஸ்ஸில் ஒருவர் மேல் ஒருவர் தூங்கி விழுந்த மாதிரிதான் இருந்தது.

நாலாம் நாள் மதியமும் திரும்பி வந்து, சோற்றைப் பிசைந்தபடி வானிலையைப் பற்றி எங்கள் பாஷையில் அரற்றிக்கொண்டிருந்தோம். கரண்டியோடு வந்த மனைவி தட்டுகளைக் காட்டி, “பாலு! நே தபா!” என்றாள்.

நாங்கள் சொன்னபடியே ஆளுக்கு ஒரு கவளம் சாப்பிட்டோம். பிறகு தாதா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“உனக்கு எப்படி வரும்?” என்றேன்.

“நாலு நாளா காதுல இதே ரோதனை. ஆடு மாடு இருந்தாக்கூட பேசியிருக்கும்.”

மறுநாள் கப்பல் நிஜமாகவே கிளம்பியது. என் பேருரையிலிருந்து ஒரே ஒரு சொல்தான் எனக்கு மிஞ்சியிருந்தது. “நோரு தாதா, நோரு” என்றேன். போய்த் தொலையும் என்கிற சுருதியில்தான் வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து செருப்போடு நாற்காலியில் சரிந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: “பாழு தா கோ?”

எங்கள் பாஷையில் ழகரம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அலுப்பாக இருந்தது.

“நே பாழு தா” என்றேன். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.