அலைக்கு முந்திய நொடி

அவளைத் தெருவில் எல்லோரும் கேமராக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. அழைத்த இடத்துக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாள். ஒரு நாள் செருப்புக் கடைக்காகப் புதுச் செருப்புகளை வெள்ளைத் தாளில் நிற்க வைத்துப் படமெடுப்பாள். மறுநாள் ஏதாவது கம்பெனிக்கு விளம்பர வீடியோ. சனி, ஞாயிறு என்றால் கல்யாணம். "என் பொண்டாட்டி மூஞ்சிய நான் பாக்கணும்னா எவனாவது கல்யாணம் பண்றத நிறுத்தணும்" என்பார், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவர்.

முகத்தைப் பார்த்தே மனதைச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அதற்கு அடி விழுந்தது கடற்கரையில்.

ஒரு கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். மாப்பிள்ளை, பெண் இருவரையும் வைத்து ஒரு சின்ன வீடியோ எடுக்க வேண்டும். கடலுக்குள் நீண்டு கிடந்த கல்சுவரை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஈரம் படாத கற்களாகப் பார்த்து நிற்க வைத்தாள். காலை வெயில் இதமாக இருந்தது. பெண் நீல உடையில் அவ்வளவு அழகாகச் சிரித்தாள். மாப்பிள்ளைதான் விறைத்துப் போய் நின்றான். "தம்பி, பாஸ்போர்ட் போட்டோ இல்ல இது, கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று கேமராக்கா சொன்னதற்கு இருவரும் சிரித்தார்கள்.

இருவரும் கைகோத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். ஸ்லோ மோஷனில் எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று பெரிய அலை ஒன்று கற்களின் மேல் ஏறி வந்து அறைந்தது. தண்ணீர் வடிந்தபோது மாப்பிள்ளை மட்டும் முட்டி போட்டுக் கிடந்தான். பெண்ணைக் காணவில்லை.

சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் குதித்தார்கள். கேமராக்கா வயிற்றைக் கல்லில் அழுத்திப் படுத்து, கேமரா ஸ்டாண்டை நீட்டினாள். பெண்ணின் கை அதைப் பற்றியது. மேலே இழுத்துப் போட்டபோது நெற்றியில் ரத்தம் வழிந்தது. உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். "உசுரு பயத்துல எம் பொண்ணு கைய விட்டுட்டியேடா."

அவன் மறுக்கவில்லை. தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் விட்டுட்டேன்க்கா. கெட்டியா பிடிச்சிருக்கணும்" என்று கேமராக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "வீடியோ இருக்குல்லம்மா? அதை எங்கிட்ட குடு. நாலு பேர் முன்னாடி போட்டுக் காட்டி இந்தக் கல்யாணத்த நிறுத்துறேன்."

அடுத்த நாள் காலை, வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியை ஓட விட்டாள். தன்மேல்தான் அவளுக்குக் கோபம். அந்த இடத்தைக் காட்டியது தானே. கால் எங்கே வழுக்கியது என்று பார்க்க நினைத்தாள்.

கால் வழுக்கவில்லை. அலை அப்போது வந்து சேரவே இல்லை. அது தூரத்தில் எழும்பி வருவதைப் பெண் பார்க்கிறாள். சிரித்த முகம் மாறாமல், கோத்திருந்த விரல்களை விரிக்கிறாள். மாப்பிள்ளையின் கை இன்னும் இறுக்குகிறது. இவள் கையை உருவிக்கொண்டு கல்லின் விளிம்பை நோக்கி ஓர் அடி வைக்கிறாள். அதற்குப் பிறகுதான் அலை.

கேமராக்கா திரும்பப் போட்டாள். மறுபடியும் போட்டாள். டீயோடு வந்த கணவர், "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார். திரையைக் காட்டினாள். அவரும் டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யார்கிட்ட சொல்லப் போற?"

"முதல்ல அவகிட்டதான்."

பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், அன்று எடுத்த படங்களைப் பார்க்கலாம் என்று சொல்லி அவளை வரவழைத்தாள். நெற்றியில் கட்டோடு வந்தவள் அப்போதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க கேமராக்காவுக்குப் பயமாக இருந்தது.

"கண்ணு, அன்னைக்கு உன் கை வழுக்கல, இல்ல?"

சிரிப்பு நின்றது. "பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். இப்பவும் அந்த நெனப்பு இருக்கா?"

"தண்ணிக்குள்ள போனதும் மேல வரணும்னுதான் தோணுச்சு. ஆனா வீட்டுக்குப் போனா மறுபடியும் பயமா இருக்குக்கா. இது நின்னாலும் அடுத்த மாப்பிள்ளைய பாப்பாங்க."

"மனசுல வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. அதைத்தான் ஒருத்தரும் நம்பல. இப்ப வேண்டாம்னு அம்மாகிட்ட அழுதேன், அப்பா கால்ல விழுந்தேன். பொண்ணு வெக்கப்படுதுன்னு சொல்லிட்டு பத்திரிகை அடிச்சுட்டாங்க."

கேமராக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பையன் தன்னாலதான்னு நெனச்சு உருகிட்டு இருக்கான்மா."

பெண் அங்கிருந்தே அவனுக்குப் போன் செய்து வரச் சொன்னாள். வந்தவனிடம் எதையும் மறைக்கவில்லை. "என்னை அவ்வளவு பிடிக்கலையா?" என்று கேட்டான்.

"உங்களை எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள் அவள். அவன் தலையாட்டினான். தனக்கும் அவளைத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போலிருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா வீடியோவை வாங்கிப்போக வந்தார். அவர் வருவது பெண்ணுக்குத் தெரியும், போகாமல் இருந்தாள். "நான் வாயால சொன்னா நம்ப மாட்டாருக்கா. போட்டுக் காட்டுங்க" என்றாள்.

கேமராக்கா தயங்கினாள். பெண் மறுபடியும் கேட்ட பிறகுதான் பட்டனை அழுத்தினாள். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அந்தப் பய விடுற இடத்துல நிறுத்தும்மா" என்றார். காட்சி ஓடியது. விரல்கள் விரிந்தன. அவர் முன்னால் குனிந்தார். "இன்னொரு தடவை" என்றார். இரண்டாம் முறை ஓடியபோது, திரையில் மகளின் கை இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார், பிடித்து நிறுத்துவது போல. பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். மகள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "கால்ல விழுந்தப்பகூட நீ குனிஞ்சு பாக்கலப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் நின்றது. அவரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பெண் கொஞ்ச காலம் மனநல டாக்டரிடம் போய் வந்தாள். இப்போது சித்தி வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறாள். அவள் கேட்டுக்கொண்டபடி, அவள் கண் முன்னாலேயே கேமராக்கா அந்தக் காட்சியை அழித்தாள்.

அதன் பிறகு பல மாதங்கள் செருப்புக்கும் சோப்புக்கும் மட்டுமே படமெடுத்தாள். மறுபடி கல்யாண வேலை எடுத்தபோது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்: கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் தனித்தனியாகக் கொஞ்ச நேரம் பேசுவாள். "போட்டோ எடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று சில வீடுகளில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு உட்காருவாள்.